கடைவாய்ப்பல்லும் பேசாத அழைப்பும்

1

இந்த நாட்டில் பல் பிடுங்குவதற்கும் கடிதம் வரும். நாள், நேரம், எத்தனையாம் மாடி, எந்தக் கதவு, அன்று காலை எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, திரும்பிப் போகும்போது கார் ஓட்டலாமா கூடாதா என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நாள் எனக்குத் தோதுப்படுமா என்று மட்டும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜேர்மனிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அந்த மாதிரிக் கடித உறையைக் கண்டால் உடனே பிரிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். பல்லுக்கு வந்தாலும் ஒன்றுதான், விசாவுக்கு வந்தாலும் ஒன்றுதான்.

என் கீழ்த்தாடையின் இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல் நிமிர்ந்து முளைக்காமல் முரசுக்குள், அதாவது ஈறுக்குள், படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே படத்தில் காட்டினார்கள். பத்திரிகைகளில் இதை ஞானப்பல் என்று எழுதுவார்கள். "உங்களுக்கு வந்த ஞானம் படுத்துக் கிடந்தால் வெட்டித்தான் எடுக்கோணும்" என்று என் மனைவி சுகந்தி சிரித்தாள். மாதக்கணக்காக அது விட்டு விட்டு வலித்தது. நான் வேலை செய்யும் இடத்தில் பார்சல்கள் ஓடிவரும் பட்டிக்கு முன்னால் நின்று, ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் பெட்டி தூக்கியிருக்கிறேன்.

கடிதத்தில் குறித்திருந்த நாள் என் தம்பி குகனின் பிறந்த நாள். வேறு நாள் தர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இனிக் கோடை விடுமுறைக்குப் பிறகுதான் என்றாள். அந்த நாளில் என்ன பிரச்சினை என்றும் கேட்டாள். தம்பியின் பிறந்த நாள் என்றேன். "அப்படியா, அவருக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள்" என்றாள். நன்றி சொல்லி, அந்த நாளையே எடுத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

2

குகன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடியேற்றத் திட்டத்தில் இருக்கிறது. அப்பா வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து அங்கே வந்தவர். நாங்கள் மூன்று பிள்ளைகள்: நான், குகன், தங்கை வசந்தி. அம்மா என்னைப் பெரியவன் என்பார், குகனைச் சின்னவன் என்பார். சண்டை இறுகுவதற்கு முன்பே நான் வெளியே வந்துவிட்டேன். போர் முடிந்த நாட்களில் பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த சனங்களோடு வீட்டில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பேர் பதிய வேண்டும் என்று இளம் பெடியள் சிலரை ஒரு பஸ்ஸில் ஏற்றியபோது குகனும் ஏறினான். "அங்க தண்ணி தருவாங்கள்தானே, இதை நீங்கள் வச்சிருங்கோ" என்று தண்ணீர்ப் போத்தலை யன்னலால் அம்மாவிடம் நீட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அம்மா போகாத இடம் இல்லை, ஏறாத படி இல்லை. இப்போதும் வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய், வீதியோரத்துப் பந்தலில், பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அந்தப் பந்தலில் ஒரு நம்பிக்கை உலாவுகிறது. திடீரென்று ஒரு கோல், தொலைபேசி அழைப்பு, வரும். தெரியாத இலக்கமாக இருக்கும். எடுத்தால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும், பிறகு நின்றுவிடும். அது பிள்ளைதான் என்று தாய்மார் சொல்வார்கள். எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள், யாருடைய போனையோ களவாக வாங்கி எடுக்கிறான், குரல் காட்டப் பயம், தாயின் குரலைக் கேட்டாலே அவனுக்குப் போதும்.

அப்படி ஒரு கோல் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்குள் ஒரு முறையும் இருக்கிறது. பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எங்கே இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் நின்று யாரும் ஒட்டுக் கேட்டால் பிள்ளைக்கு ஆபத்து. அழவும் கூடாது. அவன் வைக்கும்வரை வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொக்கிளாயிலிருந்து வரும் ஒரு தாய்க்கு அப்படி வந்திருக்கிறது. புளியங்குளத்து அக்கா ஒருவருக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. அம்மாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"எல்லாருக்கும் வருது. என்ர பிள்ளை மட்டும் எடுக்கிறானில்லை" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னார்.

"உங்கட நம்பர் அவனுக்கு எப்பிடித் தெரியும், அம்மா?" என்று கேட்டேன்.

"படத்துக்குக் கீழ எழுதித்தானே வச்சிருக்கிறம். பேப்பரிலயும் வந்தது. பாத்திருப்பான்" என்றார்.

சுகமா என்று கேட்டார், சுகம் என்றேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் முடியும்.

3

பல் பிடுங்குவதை ஊருக்குச் சொல்லவில்லை. வாய்க்குள் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று கேட்டால் அம்மா சாப்பிட மாட்டார். அதனால் முதல் நாளே வசந்திக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: நாளைக்கு வேலை, சின்னவனின் பிறந்த நாளுக்கு எடுக்க முடியாது, ஞாயிறு எடுப்பேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிடு. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் பொய்யர்கள். ஊரில் இருப்பவர்களும் எங்களுக்கு அதே அளவு பொய் சொல்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வைத்தியர் இளம் பெண். என்ன செய்யப் போகிறேன், பிறகு நீ என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது ஜேர்மன் மொழியில் வேகமாகக் கதைத்தால் "யா, யா" என்று தலையாட்டுவேன். பாதி விளங்கும், மீதி விளங்கியதாக வைத்துக்கொள்வேன். அன்றும் அப்படியே ஆட்டினேன். ஊசி போட்டு விறைக்க வைத்து, முரசை வெட்டி, பல்லைத் துண்டாக்கி எடுத்தார்கள். வலிக்கவில்லை. மண்டைக்குள் கல் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குழிக்கு மேல் துணியை மடித்து வைத்து இறுக்கிக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஒருவரும் இல்லை. சுகந்தி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள், மாலையில்தான் வருவாள். மகள் அபி பள்ளிக்கூடத்தில். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாதது போல் தொங்க, கட்டிலில் இருந்தேன். அம்மாவின் குரல் வேண்டும்போல் இருந்தது. காரணம் அவ்வளவுதான். இரண்டு வார்த்தை சொல்ல வாய் ஒத்துழைக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். நான் எடுப்பது இணையம் வழியாக. ஒவ்வொரு முறையும் அங்கே ஏதோ ஒரு புது இலக்கம் விழும். அதனால் எடுத்தவுடனே "அம்மா, நான் பெரியவன்" என்று சொல்வது வழக்கம். வீட்டுக்குள் லைன் ஒழுங்காகக் கிடைக்காது, குளக்கட்டில் ஏறினால்தான் வடிவாகக் கேட்கும். அன்று அம்மா கோயிலுக்குப் போய்விட்டுக் குளக்கட்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது?"

வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. துணிக்கு இடையால் ஒரு முனகல் மட்டும் வந்தது. இரத்தமும் எச்சிலும் நாடியில் வழிய, துடைப்பதற்குத் துவாயைத் தேடினேன்.

"ஹலோ?" என்றார் மறுபடியும். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடலாம் என்று கையை எடுத்தேன். அப்போது அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"சரி. நீ கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன், நீ கேட்டுக்கொண்டிரு. பேர் ஒண்டும் சொல்லமாட்டன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இண்டைக்குக் கோயிலுக்குப் போட்டு வாறன். உன்ர பேருக்குத்தான் அருச்சனை செய்தனான். தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவன் உன்னை மாதிரியே ஒரு பக்கம் சரிஞ்சுதான் நடப்பான். கொப்பர் எங்களை விட்டிட்டுப் போட்டார், ராசா. உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் போனவர். இந்த முறை நெல்லு நல்லா விளைஞ்சிருக்கு. கொண்ணன் வெளிநாட்டில இருக்கிறான்."

கொப்பர் என்றால் உன் அப்பா, கொண்ணன் என்றால் உன் அண்ணன். அப்போதுதான் அம்மா யாரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வைத்தால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியும். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

"கொண்ணனுக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை. நல்லாத்தான் இருக்கிறான். ஆனா என்னோட மனம் விட்டுக் கதைக்கமாட்டான். சுகமோ எண்டா சுகம் எண்டுவான். நானும் சுகம் எண்டுவன். எனக்கு முழங்கால் ஏலாது, மோனை. கண்ணும் மங்கிப்போச்சு. அவனுக்குச் சொல்லேல்லை. அங்க தனிய நிண்டு கஷ்டப்படுறவனுக்கு இதை ஏன் சொல்லுவான்? உனக்குச் சொல்லுறன்."

நான் அழுதேன். விறைத்த வாயால் அழுவது மனிதர் அழுவது போலவே இருக்காது. அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"அழாத. அழாத, ராசா. உனக்குப் பக்கத்தில ஆரும் நிண்டாலும் கேக்கும்."

அந்த நேரம் வாசற்கதவு திறந்தது. வகுப்பு நேரத்தோடு முடிந்து அபி வந்துவிட்டாள். பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஜேர்மன் மொழியில் சத்தமாகக் கேட்டாள். நான் திடுக்கிட்டு லைனைத் துண்டித்துவிட்டேன்.

4

வசந்தியின் குரல் பதிவு கொஞ்ச நேரத்திலேயே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கதைத்தாள்.

"பெரியண்ணா, சின்னண்ணா எடுத்தவனாம்! அம்மாவுக்கு எடுத்தவனாம்! கதைக்கேல்லையாம், அழுதவனாம். பிறகு ஆரோ கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினவையாம். பொம்பிளைக் குரலாம், பாஷை விளங்கேல்லையாம். பயத்தில வச்சிட்டான். அண்ணா, அவன் இருக்கிறான் அண்ணா."

அந்தப் பதிவை நான் பல முறை கேட்டேன். அபி அப்பம்மாவோடு கதைப்பதில்லை. போனை நீட்டினால் "சுகமா இருக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு என் கையில் திருப்பித் தந்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் வெட்கம். நானும் வற்புறுத்தவில்லை. இப்போது சொந்தப் பேத்தியின் குரல் ஒரு காவல்காரியின் குரலாக அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அன்று முழுவதும் என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்ன செய்தாள், பாவம்? பள்ளிக்கூடத்தால் வீட்டுக்கு வந்தாள்.

விறைப்புக் கழன்றதும் வலி தொடங்கியது. ஊரில் பல் பிடுங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். வாய் சுத்தமாகட்டும் என்று அழுத்தி அழுத்திக் கொப்பளித்தேன். மறுநாள் வலி காது வரைக்கும் ஏறியது. அபியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். வைத்தியர் வாய்க்குள் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ சொன்னார்.

"அப்பா, முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம் எண்டு சொன்னவாவாம். நீங்க யா எண்டு சொன்னீங்களாம்" என்றாள் அபி. "குழியில இரத்தம் உறைஞ்சு நிக்கோணுமாம். அது கழண்டு போச்சு. இப்ப எலும்பு தெரியுதாம்."

குழிக்குள் மருந்துத் துணி வைத்தார்கள். கராம்பு மணத்தது. சில நாட்கள் அதிகம் கதைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். இந்த முறை அபியிடம் கேட்டு விளங்கிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

அந்த நாட்களில் வசந்தியிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. அம்மா பந்தலுக்குப் போனார். மற்றத் தாய்மார் கட்டிப்பிடித்து அழுதார்கள். அங்கே எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரியச் சிரிக்கும் அம்மாவை நான் மறந்தே போயிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தபோது, இதை நான் ஒருநாளும் சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் என்னைத் திட்டலாம். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த முடிவு நிலைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனோடு குளக்கட்டில் ஏறி இருக்கத் தொடங்கினார். அதே நேரத்தில், அதே இடத்தில் இருந்தால்தான் கோல் வரும் என்று ஒரு எண்ணம். இருட்டினாலும் இறங்குவதில்லை. வயல் அறுவடைக்கு நிற்கும் காலம் அது. நெல் மணத்துக்குக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி அந்தக் கட்டைக் கடந்துதான் வயலுக்கு வரும்.

"எவ்வளவு கூப்பிட்டும் வாறாவில்லை, அண்ணா" என்றாள் வசந்தி. "இவர் வெடியும் டோர்ச்சும் கொண்டுபோய்ப் பக்கத்தில இருக்கிறார். நேற்று ஒரு கொம்பன் கட்டில ஏறி நிண்டது. எங்களுக்கும் அதுக்கும் நடுவில ஒரு மருதமரம்தான். நாங்கள் நடுங்குறம், அம்மா போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. 'யானைக்குச் சத்தம் போடாத, அவன் எடுத்தாக் கேக்காது' எண்டு இவரை ஏசுறா. நீங்கள் சொன்னாத்தான் கேப்பா. சொல்லுங்கோ."

5

அன்று சாப்பாட்டு மேசையில் சுகந்தியிடமும் அபியிடமும் நடந்ததைச் சொன்னேன். எனக்குக் கஞ்சி, அவர்களுக்குச் சோறு. சுகந்தி கரண்டியை வைத்துவிட்டாள்.

"சொல்லாதேங்கோ" என்றாள். "அந்த மனிசிக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு சந்தோஷம் வந்திருக்கு. பறிக்காதேங்கோ. வேற ஏதும் சொல்லிக் கட்டால இறக்குங்கோ."

"ஆனா அது சித்தப்பா இல்லைத்தானே" என்றாள் அபி. சித்தப்பா என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான். "அப்ப அது பொய்தானே?"

"உனக்கு இது விளங்காது" என்றாள் சுகந்தி.

"ஏன் விளங்காது? அவர் உயிரோட இருக்கிறாரா, இல்லையா?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் மீது கோபப்பட என்ன இருக்கிறது என்று யோசித்ததும் அது போய்விட்டது. தெரியாது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

"வசந்தி மாமிக்கு மெசேஜ் போடுங்கோ. அவ சொல்லுவா" என்றாள் அபி.

அதையும் நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் வசந்தியும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நம்பிக்கையை உடைத்து, அந்தத் துண்டுகளை அம்மாவிடம் கொண்டுபோ என்று அவள் கையிலேயே கொடுப்பதா? அம்மா யானைக்கு முன்னால் இருப்பது என்னால். போனைக் கையில் எடுத்தது நான். பல் வலித்தால் வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

6

மறுநாள் வேலைக்கு விடுப்பு. அம்மா குளக்கட்டில் இருக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்திலிருந்து மூச்சுக் கேட்கிறதா என்று காதுகொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தை என்னால் மறக்க முடியாது.

"அம்மா, நான் பெரியவன்."

"நீயோ?" குரல் இறங்கிவிட்டது. "என்ன மோனை இந்த நேரத்தில, வேலையில்லையோ? சரி, வை. ஞாயிற்றுக்கிழமை கதைப்பம். இந்த நேரம்தான் அவன் எடுக்கிறது. லைன் கிடைக்காட்டிப் பயந்திடுவான்."

"அவன் எடுக்கமாட்டான், அம்மா. அண்டைக்கு எடுத்தது நான்."

காற்று அடித்தது.

"பல்லுப் பிடுங்கினனான். உங்களுக்குச் சொல்லேல்லை. வாய் விறைச்சுப்போய்க் கிடந்தது, கதை வரேல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தது அபி. உங்கட பேத்தி. பள்ளிக்கூடத்தால வந்தவள்."

"வசந்தி சொல்லித் தந்தவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"எனக்குத் தெரியும். யானைக்குப் பயந்து எல்லாருமாச் சேந்து என்னை வீட்டை கூப்பிடப் பாக்கிறியள். அதுக்கு இப்பிடி ஒரு பொய் சொல்லலாமோ, பெரியவன்? அவன்ர விஷயத்தில சொல்லலாமோ?"

அன்று அவர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். அருச்சனை செய்தது, வசந்தியின் மூத்தவனின் நடை, முழங்கால், மங்கிப்போன கண்.

"அதெல்லாம் வசந்திக்கும் சொன்னனான். அவள் உனக்குச் சொல்லியிருப்பாள்." அம்மாவின் குரல் கடுமையாகிவிட்டது. "அவன் அழுதவன். என்ர காதால கேட்டனான். நீ அழமாட்டாய். கொப்பர் செத்தண்டு நான் இஞ்ச கத்திக்கொண்டு நிக்கிறன், நீ அங்க இருந்து அலுவலெல்லாம் முடிஞ்சுதோ எண்டு கேட்டனீ. நீ அழுததை நான் ஒருநாளும் கேக்கேல்லை. அழுதது என்ர சின்னவன்."

அப்பா இறந்த செய்தி வந்த அன்று, போனை வைத்துவிட்டு வேலைத்தலத்தின் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அவசரமாக வைத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, அண்டைக்கு" என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வீங்கிய தாடைக்குள்ளிருந்து அந்த முனகல்தான் வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் சுகம் என்று சொல்லி மூடி வைத்தது எல்லாம் அந்தக் குழிக்குள்ளால் வெளியே வருவது போல் இருந்தது. வலி உயிர்போனது. வலிக்காகவும் அழுதேன்.

அழாதே என்று அம்மா சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் வசந்தியின் கணவர் யாரையோ கூப்பிடும் சத்தமும், நாய் ஒன்று குரைக்கும் சத்தமும் கேட்டன.

"ஓம். நீதான்" என்றார் அம்மா.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"அப்ப அவன் எடுக்கேல்லை."

துவாயால் முகத்தைத் துடைத்தேன்.

பிறகு, "பல்லு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

சுகம் என்று சொல்லத்தான் வாய் போனது. "நோகுது, அம்மா. சரியா நோகுது" என்றேன்.

"நோகும்தானே. எலும்பெல்லோ" என்றார். "எனக்கும் முழங்கால் விறைச்சுப்போச்சு. தனிய எழும்பேலாது. மருமோன் வாறான், பிடிச்சு விடுவான்."

எழும்பும்போது அவர் முனகியது கேட்டது. யாரோ அவருக்குக் கை கொடுத்தார்கள்.

"பெரியவன், நான் கட்டால இறங்கப் போறன். கீழ போனா லைன் நிண்டிடும்."

"ஓம் அம்மா."

"நிண்டா நீ ஒண்டும் நினையாத. நான் வீட்டைதான் போறன்."

கட்டின் கிரவல் மண்ணில் செருப்பு உரசும் சத்தம் கொஞ்சத் தூரம் கேட்டது. பிறகு லைன் நின்றது.